வலப்பக்கம் வெட்டுப்பட்ட தாள்

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட
நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடையில்
மிசின் ஒருநாள் தாளைச் சரித்து இழுத்தது.
சாதாரண தரக் கணிதம், சூத்திரங்கள் ஒரே பார்வையில்,
நாற்பது பிரதி. நாற்பதிலும்
சமன் குறி வரைக்கும்தான் மை.
அதற்கு வலப்பக்கம் வெறும் வெள்ளை.

முதலாளி எறியச் சொன்னார்.
நான் பையில் வைத்தேன்.
தயாளினி, வயது முப்பத்தொன்று,
தனிப்பட்ட பரீட்சார்த்தி, மூன்றாம் தடவை.
பிரதேச சபையில் ஒரு கதிரைக்கு
கணிதத்தில் ஒரு சாதாரண சித்தி போதும்.

ஏ கூட்டல் பி, முழுவதும் வர்க்கம், சமன்
பெரிய சதுரம், சின்னச் சதுரம், அவ்வளவுதான்
என்று இரண்டு தடவை எழுதி
இரண்டு தடவையும் விழுந்தேன்.
இந்தமுறை கோண்டாவில் காணியைக் கீறிப் பார்த்தேன்.
அண்ணனுக்கு ஒரு மூலை, எனக்கு எதிர்மூலை,
மிச்சம் ஒரே அளவில் இரண்டு நீளத் துண்டு.
எங்கள் வேலிச் சண்டை முழுக்க அந்தத் துண்டுகளில்தான்.
இரண்டு ஏபி.
வழக்குப் போட்டவர்கள் மறக்கவில்லை,
நான்தான் மறந்துபோனேன்.

தான் சமன்
எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுக்க வருவது.
எங்கள் ஒழுங்கைக்கு இதைவிடச் சரியான வரைவிலக்கணம்
ஒருவரும் எழுதியதில்லை.
சைனுக்கும் கோசைனுக்கும் செம்பக்கம் வேண்டும்.
தானுக்கு எதிரும் அயலும் இருந்தால் போதும்.

கூட்டுவட்டியை நான் படிக்கவேயில்லை.
வியாழனுக்கு வியாழன் நுண்கடன் கம்பனிப் பெடியன்
மோட்டார் சைக்கிளில் வந்து படிப்பித்துவிட்டுப் போகிறான்.
அவன் நீட்டும் தாளில்
வலப்பக்கம் ஒருநாளும் வெட்டுப்பட்டதில்லை.

இருபடிச் சமன்பாடுதான் வாயில் நிற்காது.
சய பி, சக சய, வர்க்கமூலத்துக்குள்
பி வர்க்கம் சய நாலு ஏசி, எல்லாத்துக்கும் கீழே...
மினிபஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.
கொண்டக்டர், "எங்கை அக்கா இறக்கம்?"
"இரண்டு ஏ" என்றேன்.

கூம்பின் கனவளவு மூன்றிலொன்றா, இரண்டிலொன்றா?
கச்சான் விற்கிற றோகிணியைக் கேட்டேன்.
என்னோடு பத்தாம் வகுப்பில் பின்வாங்கில் இருந்தவள்.
"வாயும் உயரமும் ஒண்டெண்டால்
ஒரு பேணிக்கு மூண்டு சுருள்" என்றாள்.
"தலைதட்டினால் மூண்டு.
குவிச்சுக் குடுத்தால் கணக்கில்லை, நட்டம்தான்."
தின்று முடித்துச் சுருளை விரித்தேன்.
எங்கள் கடைக் கழிவுத் தாள், யாரோ ஒருவரின் பொருளியல்.
சூத்திரம் இல்லை, கொஞ்சம் உப்பு.

கொக்குவில் மண்டபம். இரண்டாம் பத்திரம், எட்டாம் வினா:
ஒரு திண்மக் கோளம் உருக்கப்படுகிறது.
அதே ஆரையும், ஆரைக்குச் சமனான உயரமும் கொண்ட
கூம்புகள் எத்தனை வார்க்கலாம்?

கூம்பை எழுதினேன்.
கோளத்தின் கனவளவு சமன்
என்று எழுதிக் குறியையும் போட்டேன்.
அதற்கு அங்காலை அதே வெள்ளை.

நெடுநேரம் பார்த்தபடி இருந்தேன்.
அந்த வெள்ளையில் மெல்ல ஒரு பேணி வந்தது.
ஆரையளவு உயரப் பேணியில் மூன்று சுருள் அடங்கும்,
பந்து அதைவிடப் பெரிசு.
விட்டமளவு உயரமென்றால் ஆறு,
பந்து அதற்குள் தளதளவென்று நிற்கும்.
மூன்றுக்கு மேல். ஆறுக்குக் கீழ்.
மணி அடித்தது.
வழி காட்டாமல், நாலு என்று எழுதிக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்தநாள் கடைக்கு ஒரு பெடியன் வந்தான்.
அதே வினாத்தாள், ஓரத்தில் பென்சிலால் விடைகள்,
இருபது பிரதி வேணுமாம்.
கண்ணாடியில் கவிழ்த்து,
வலது விளிம்பை இரண்டுதரம் தடவிச் சரிபார்த்து
மூடியை அமத்தினேன்.
வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடியது.

முதல் பிரதி சூடாக விழுந்தது.
எட்டாம் வினாவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
மற்றப் பத்தொன்பதையும் எண்ணினேன்.